இரும்பு படாத பிள்ளை

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சொல்லி வைத்த பெரியவர்கள், அம்மை குத்துகிறவர் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சொல்லியிருந்தால் தேவசகாயம் கொஞ்சம் முன்னாலேயே விழித்துக்கொண்டிருப்பார்.

ஜில்லா போர்டில் அம்மை குத்துகிற வேலை அவருக்கு. திருக்கழுக்குன்றத்துக்கு வெளியே மிஷன் கோயிலை ஒட்டிய காலனியில் வீடு. அவர் அப்பா காலம் பூராவும் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிச் செத்தவர். பிள்ளை மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்து, காக்கிச் சட்டை மாட்டி, மேற்கே செங்கல்பட்டு ரோட்டிலிருந்து கிழக்கே மாமல்லபுரம் கடற்கரை வரை சைக்கிளில் சுற்றினார். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் ஈரத்துணி சுற்றிய மண் குடுவை, குடுவைக்குள் கிண்டியிலிருந்து சின்னக் கண்ணாடிக் குழாய்களில் வரும் அம்மைப்பால். கூடவே ஒரு கருவி. பொடிப்பொடியாகப் பல் வைத்த வட்டத் தகடு, அதற்கு ஒரு பிடி. தோளுக்குக் கீழே வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால் தோல் கீறும், பால் உள்ளே இறங்கும், பிள்ளை ஊரைக் கூட்டும். அவர் சைக்கிள் மணி கேட்டாலே தாய்மார்கள் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள்.

ஒரு கோழியைக் கொடுத்தால் குத்தாமலே குத்தினதாக எழுதிவிட்டுப் போகிற ஆட்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். தேவசகாயம் அந்த ரகம் இல்லை. கர்த்தர் தனக்குக் கொடுத்த ஊழியம் இது என்று நம்பினார். காலையில் ஜெபம் பண்ணாமல் பெட்டியைத் தொடமாட்டார். எவ்வளவு திட்டினாலும் திருப்பித் திட்டமாட்டார். சானிடரி இன்ஸ்பெக்டர் உப்பிலி, நாமம் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வருகிற கறாரான மனுஷர், மற்றவர்கள் குத்தியதைத் தானே ஊர் ஊராகப் போய்ச் சரிபார்ப்பார். தேவசகாயத்தின் ஊர்களுக்கு மட்டும் போகமாட்டார். "அவன் எழுதினா எழுதினதுதான்" என்பார்.

"நீ குத்திக்கினியா?" என்று கிராமத்தில் எவளாவது மடக்கினால், தேவசகாயம் வலது கைச் சட்டையைச் சுருட்டி நாலு தழும்பைக் காட்டுவார். "உம் புள்ளைக்கு?" என்று கேட்டால், இடது கைச் சட்டையைச் சுருட்டி இன்னும் இரண்டைக் காட்டுவார். கேட்டவள் அதோடு சமாதானமாகிவிடுவாள். அவர் பொய் சொன்னதில்லை என்பது வாஸ்தவம். ஆனால் பதிலும் சொன்னதில்லை. அவருடைய மூன்று வயது மகன் கிருபாகரனுக்கு அம்மை குத்தவே இல்லை.

காரணம் அவர் மனைவி ரெபேக்காள் கர்த்தரிடம் நேர்ந்துகொண்ட பொருத்தனை. முதல் பிள்ளை பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது நாலு மாதம். மூன்றாவது வயிற்றில் இருந்தபோது, பிள்ளையில்லாமல் அழுத ஒரு தாய் ஆண்டவரிடம் பொருத்தனை செய்து மகனைப் பெற்ற கதையை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டாள். அந்தப் பிள்ளையின் தலையில் கத்தி படாது என்று அந்தத் தாய் சொன்னாளாம். ரெபேக்காள் கோயிலிலேயே முழங்கால் போட்டாள். 'இந்தப் பிள்ளையை உமக்கே கொடுத்துவிடுகிறேன், அஞ்சு வயசு முடிகிற வரைக்கும் கத்தி படாது' என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வருவதற்குள் கத்தி என்பது இரும்பு என்று ஆகிவிட்டது. தலை என்பது உடம்பு முழுக்க என்று ஆகிவிட்டது. பயந்தவள் செய்கிற பொருத்தனைக்கு எல்லை கிடையாது.

பிள்ளை பிறந்தது, பிழைத்தது. தலைமயிர் வளர்ந்து பின்னல் போடும் அளவுக்கு வந்தது. நகம் வெட்டக் கத்தரிக்கோல் கூடாது என்பதால், ரெபேக்காளே வாரத்துக்கு ஒரு தரம் அவனை மடியில் போட்டு ஒவ்வொரு நகமாகப் பல்லால் கடித்து எடுப்பாள். காலனியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவள் லட்சியம் செய்யவில்லை. பிள்ளைக்கு ஆறு மாதமாக இருந்தபோதே தேவசகாயம் கருவியை எடுத்தார். அவள் கேட்டாள்.

"அது இன்னாத்துல செஞ்சது?"

"எஃகு."

"எஃகுன்னா இன்னா, வாழநாரா? அதுவும் இரும்புதானே? அஞ்சு வயசு முடியட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

அவர் அன்றைக்குக் கருவியை உள்ளே வைத்தார். பொருத்தனை ரெபேக்காளுடையது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரே தவிர, பயம் அவருக்கும்தான். இரண்டு சின்னச் சவப்பெட்டிகளைத் தன் கையாலே தூக்கிக்கொண்டு போனவர். நாம் மீறி, அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? ஊரில் ஆயிரம் பிள்ளைகளுக்குத் தைரியம் சொன்ன மனுஷர், தன் வீட்டில் வாயை மூடிக்கொண்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து மாசி மாதம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, உப்பங்கழியைத் தாண்டி, ஒத்தப்பனைக் குப்பம் என்று நாற்பது குடிசை. தேவசகாயம் படகிலிருந்து இறங்கிக் கரையேறியதும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். காலை பத்து மணிக்கு ஒரு வீட்டிலும் மீன் வறுக்கிற வாசனை இல்லை. மீன்காரர்கள் குப்பத்தில் எண்ணெய்ச்சட்டி ஏறவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூன்றாவது குடிசை வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

"அங்கியே நில்லு நைனா" என்று ஒரு குரல் தடுத்தது. சின்னப்பொண்ணு. தலையில் மீன்கூடையோடு திருக்கழுக்குன்றம் வரை நடந்து விற்கிறவள், வாய்க்குக் குப்பமே பயப்படும். "எங் கொழுந்தனுக்கு அம்மா வந்துகிறா. முத்து போட்டு ரெண்டு நாளாச்சி. நீ கிட்ட வந்து அவளக் கோவிச்சிக்க வெக்காத."

தேவசகாயம் மனசுக்குள் கணக்குப் போட்டார். இரண்டு நாள். இன்றைக்கே குத்தினால் பால் முந்திக்கொள்ளும். நாலு நாள், ஐந்து நாள் தள்ளினால் நோய் முந்திக்கொள்ளும். குப்பத்தில் பத்து வயசுக்கு உட்பட்டது நாற்பத்திரண்டு பிள்ளைகள் என்று அவருக்குத் தெரியும். அதில் ஒன்று, ஆறு வயசுப் பெண், சின்னப்பொண்ணுவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவருடைய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது யாரு?"

"எம் பொண்ணு. தனகோடி."

"தாயி, நான் சொல்றதக் கேளு. இன்னிக்கே குத்தணும். புள்ளைங்க எல்லாத்துக்கும். நாளைக்குன்னா கூட..."

"உம் புள்ளைக்கு இன்னா வயசு?"

"மூணு."

"அதுக்குக் குத்தினியா?"

அவர் வழக்கம்போல இடது கைச் சட்டையைச் சுருட்ட ஆரம்பித்தார். சின்னப்பொண்ணு கையைத் தட்டாத குறையாகச் சொன்னாள். "உங் கையி யாருக்கு வோணும்? நான் கேக்கறது புள்ள கையி. குத்தினியா, இல்லியா? ஒரே வார்த்த."

பின்னால் பத்துப் பெண்கள் நின்றார்கள். பஞ்சாயத்துக்காரர் கண்ணாயிரம் வலையைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார். இல்லை என்று சொன்னால் கதை முடிந்தது, நாற்பத்திரண்டும் போயிற்று என்று தேவசகாயத்துக்குத் தோன்றியது.

"குத்தியாச்சு" என்றார்.

"அப்போ இட்டாந்து காட்டு. தழும்பக் கண்ணால பாத்தா எம் பொண்ணு கையத்தான் மொதல்ல நீட்டுவேன். குப்பமே நீட்டும். இன்னா மாமா?"

"நாயந்தான்" என்றார் கண்ணாயிரம்.

தேவசகாயம் திரும்பிப் படகில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். முப்பத்தெட்டு வயசில் சொன்ன முதல் பொய். சிலருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இருக்கும், சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. தொண்டையில் மீன் முள் சிக்கியதுபோல அது அங்கேயே நின்றது.

முதல் நாள், வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளித்து, துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். "அப்பா!" என்று பின்னல் ஆட ஓடிவந்த பிள்ளையை, "கிட்ட வராதே" என்று அதட்டினார். பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. ரெபேக்காள் ஏன் என்று கேட்டதற்கு, "கடக்கரையில அம்ம" என்று மட்டும் சொன்னார். அவள் பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டாம் நாள், வேலை இருப்பதுபோல மேற்கே செங்கல்பட்டுப் பக்கம் போனார். அங்கே நல்லாயிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் குத்தினார். ஒவ்வொரு திருகுக்கும் ஒத்தப்பனைக் குப்பத்தின் பெயர் மனசில் ஓடியது.

மூன்றாம் நாள் மத்தியானம் ரெபேக்காள் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. தேவசகாயம் கதவைச் சாத்தினார். கருவியை ஸ்பிரிட் விளக்கில் சுட்டு ஆறவைத்தார். குழாயை உடைத்தார். பிள்ளையின் கையைப் பிடித்தார், பஞ்சாக இருந்தது. ஆயிரக்கணக்கான கைகளைப் பிடித்த விரல்கள்தான். அழுத்த வரவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் பிள்ளையைக் கீறினால் தான் இந்த வீட்டிலேயே திருடன் என்று பட்டது. பொருத்தனையை முறித்துப் பிள்ளை செத்தால் என்று இன்னொரு பயம். பொய்யும் அப்படியே, பிள்ளையும் அப்படியே. உடைத்த குழாயைக் குழி தோண்டிப் புதைத்தார். சர்க்கார் பாலை அவர் வீணாக்கினது அதுதான் முதல் தடவை.

நாலாம் நாள் அவருக்குப் புத்தி கோணலாக வேலை செய்தது. எதிர்வீட்டு ஆபிரகாமின் பையனுக்கும் மூன்று வயசு. அவனுக்கு இவரே குத்தி, தழும்பு இரண்டும் காசு அகலத்துக்கு நன்றாக விழுந்திருந்தது. குப்பத்தில் யாருக்குத் தெரியப்போகிறது எந்தப் பிள்ளை யாருடையது என்று?

"ஆபிரகாமு, நாளைக்கு உம் பையன கடக்கரைக்கு இட்டுக்கினு போவட்டுமா?" என்று கேட்டேவிட்டார்.

"இதுக்குப் போயி கேக்கணுமா அண்ணாத்த? கடலப் பாத்ததே இல்ல பையன். தாராளமா இட்டுக்கினு போ" என்றார் ஆபிரகாம். நல்ல மனுஷர்களை ஏமாற்றுவதுதான் எத்தனை சுலபம்! தேவசகாயம் அன்றைக்கு ஒரு வாய் சோறு இறங்காமல் எழுந்தார்.

ஐந்தாம் நாள் காலையில் ஜெபத்துக்கு முழங்கால் போட்டவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஆமென் மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் ஆபிரகாமின் பையன் தயாராக நின்றான். கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, எண்ணெய் வழிகிற தலை, முகம் பூராவும் பவுடர்.

"இவன எங்க இட்டுக்கினு போறீங்க?" என்று ரெபேக்காள் கேட்டாள்.

அவர் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டே இருந்தார். கட்டின கயிற்றையே மறுபடியும் கட்டினார்.

"அம்ம போட்டுகிற குப்பத்துக்கா ஊரான் புள்ளைய இட்டுக்கினு போறீங்க? கேக்கறேன் இல்ல?"

"அவனுக்குக் குத்தியாச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆவாது."

"அதுக்கு? அவன் எதுக்கு அங்க?"

தேவசகாயம் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சின்னப்பொண்ணு கேட்டது, தான் சொன்ன பொய், தூங்குகிற பிள்ளையின் கையைப் பிடித்தது, இந்தப் பையனைக் கேட்டு வாங்கியது. சொல்லச் சொல்ல ரெபேக்காளின் முகம் வெளுத்தது.

"எம் பொருத்தனையால நீங்க பொய் சொன்னீங்களா?"

"ஆமா."

"இல்ல. பொய்ய நீங்க சொன்னீங்க. அதுக்கு எம் பொருத்தனைய சாக்கு வெக்காதீங்க." அவள் குரல் உடைந்தது. "மூணு வருசமா ஊர்ல கேட்டவளுக்கெல்லாம் இன்னா சொல்லிக்கினு இருந்தீங்க?"

"சட்டையச் சுருட்டிக் காட்டினேன்."

அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். அடுப்பில் சோறு குழைந்து தீய்ந்தது, இறக்கவில்லை. பிள்ளை போய் அவள் முதுகில் சாய்ந்தது. வெளியே பவுடர் போட்ட பையன் "மாமா, போலாமா?" என்று இரண்டு தரம் கேட்டான்.

"எத்தினி புள்ளைங்க அங்க?" என்றாள் அவள் கடைசியில்.

"நாப்பத்திரெண்டு."

"குடுத்துட்டேன்னு சொன்னேன் ஆண்டவருகிட்ட. 'உமக்கே குடுத்துட்டேன்'னு. கத்தி படாதுன்னு சொன்னத மட்டும் கெட்டியா புடிச்சிக்கினேன். குடுத்துட்டேன்னு சொன்னத மறந்தே பூட்டேன். பல்லால நகம் கடிச்சி வளக்கறேனே, இதுக்குப் பேரு குடுத்ததா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இப்பவும் பயமாத்தான் கீது. கெளம்புங்க. அந்தப் பையன அவன் வூட்ல வுடுங்க."

ஆபிரகாமின் பையன் கடல் போச்சே என்று அழுத அழுகையில் பவுடரெல்லாம் கோடு கோடாக இறங்கியது. சைக்கிள் பின்னால் ரெபேக்காள், முன்கம்பியில் கிருபாகரன், தகரப்பெட்டி அவள் மடியில். ஒன்பது மைல். படகுக்காரன் வந்து சேர ஒரு மணி நேரமாயிற்று. அந்த ஒரு மணி நேரமும் ரெபேக்காள் பிள்ளையின் கையை, தோளுக்குக் கீழே அந்த இடத்தை, தடவிக்கொண்டே இருந்தாள்.

குப்பத்தில் இன்னொரு வாசலிலும் வேப்பிலை ஏறியிருந்தது. சின்னப்பொண்ணு முன்னால் வந்தாள்.

"இட்டாந்துட்டியா நைனா? காட்டு கைய."

தேவசகாயம் வாயைத் திறப்பதற்குள் ரெபேக்காள் பிள்ளையின் சட்டையைக் கழற்றிவிட்டாள். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். ஒரு தழும்பும் இல்லாத கை.

"எம் புள்ளைக்குக் குத்தல. இவரு சொன்னது பொய். நான் வுடல, அதான் குத்தல. ரெண்டு புள்ளைய மண்ணுல வெச்சவ நான். இரும்பு படாம வளக்கறேன்னு பொருத்தன பண்ணிக்கினேன். எனக்குப் பயம். இப்பவும் பயந்தான்."

கண்ணாயிரம் தேவசகாயத்தைப் பார்த்த பார்வையில் அவருக்கு மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது. ரெபேக்காள் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"குத்துங்க" என்றாள்.

ஆயிரம் முறை செய்த வேலை. அன்றைக்குக் குழாய் உடைக்க மூன்று தரம் ஆயிற்று. அழுத்தினார், திருகினார். பிள்ளை அலறியது. முதல் முதலாக அந்த உடம்பில் இரும்பு பட்டு ஒரு பொட்டு ரத்தம் வந்தது. ரெபேக்காள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்தாள், அங்கேயும் ரத்தம்.

சின்னப்பொண்ணு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, பக்கத்தில் வந்து மணலில் உட்கார்ந்தாள்.

"உனக்கும் கையி நடுங்குதா?" என்றாள்.

"நடுங்குது."

"எனக்கும் நடுங்குது. அஞ்சு நாளா தூக்கம் இல்ல." தனகோடியை இழுத்து மடியில் போட்டாள். "எம் பொண்ணுக்கும் குத்து நைனா. சீக்கிரம் குத்து, மனசு மாறிடப் போவுது."

சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்பது பிள்ளைகள். மூன்று பேர் மட்டும் தாய்வீடு போன தாய்மாரோடு வெளியூரில் இருந்தார்கள். மறுநாள் தேவசகாயம் உப்பிலியிடம் போய் நடந்ததைச் சொன்னார். உப்பிலி பேனாவைக் கீழே வைத்தார். "நீயா?" என்றார். எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. அதைவிடப் பெரிய தண்டனையாக, அன்றிலிருந்து தேவசகாயத்தின் ஊர்களையும் உப்பிலி தானே போய்ச் சரிபார்க்க ஆரம்பித்தார். அது நியாயம்தான் என்று தேவசகாயத்துக்குத் தெரியும். தெரிந்தாலும் வலித்தது.

குத்தினால் எட்டாம் நாள் அந்த இடத்தில் கொப்புளம் கட்டிப் பால் எடுத்ததா என்று போய்ப் பார்க்க வேண்டும். ஏழாம் நாள் கிருபாகரனுக்குக் காய்ச்சல் கண்டது. குத்தினால் காய்ச்சல் வரும், அது நல்லது என்று தேவசகாயம் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆனால் வந்தது குத்தினதால் வந்த காய்ச்சலா, குப்பத்து அம்மைக் காய்ச்சலா? ரெபேக்காள் நாழிகைக்கு ஒரு தரம் பிள்ளையை வெயிலில் தூக்கிவந்து நெற்றி, உள்ளங்கை, உள்ளங்கால் என்று முத்து தேடினாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

எட்டாம் நாள் காலையில், "போயி அந்தப் புள்ளைங்களப் பாருங்க" என்றாள் அவளே.

குப்பத்தில் வரிசையாகக் கைகளைப் பார்த்தார். எல்லாருக்கும் எடுத்திருந்தது. தனகோடிக்கும் எடுத்திருந்தது. ஆனால் அவள் படுத்திருந்தாள். மூன்று நாளாக இடுப்பு வலி, காய்ச்சல். குனிந்து பார்த்தார். நெற்றியில், மயிர் ஆரம்பிக்கிற இடத்தில், சின்னச் சின்னதாகச் சிவப்பு. அவருக்கு விளங்கிவிட்டது. பால் இறங்குவதற்கு முன்னாலேயே நோய் இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

வீடு திரும்பினபோது கிருபாகரன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் விட்டிருந்தது, கையில் மட்டும் கொப்புளம். ரெபேக்காள் சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறவளிடம் தனகோடியைப் பற்றி எப்படிச் சொல்வது? சொன்னார். அவள் அழுகை நின்றுவிட்டது.

ஒன்பது நாள் கிடந்து தனகோடி போய்விட்டாள். குத்தின பிள்ளைகளில் வேறு ஒன்றுக்கும் வரவில்லை. ஆனால் செத்தது ஒன்றுதானே கண்ணில் நிற்கும். அம்மா ஊரில் இருக்கும்போது இரும்பு பட்டதால் கோபித்துக்கொண்டு எடுத்துக்கொண்டாள், ஊசிதான் கொன்றது என்று பேச்சு கிளம்பியது. "கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாதேய்யா, அடிப்பா" என்றார் உப்பிலி.

தேவசகாயம் மூன்றாம் நாளே போனார். பெட்டியை எடுத்துப் போகவில்லை. வாசலில் சின்னப்பொண்ணு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண்ணாயிரமும் நாலைந்து ஆண்களும் வந்து சுற்றி நின்றார்கள்.

சொல்வதற்கு எத்தனையோ நல்ல வார்த்தைகள் இருந்தன. கர்த்தருடைய சித்தம் என்று சொல்லலாம், விதி என்று சொல்லலாம், அம்மா கூப்பிட்டுக்கொண்டாள் என்று அவர்கள் பாஷையிலேயே சொல்லலாம். ஒருத்தரும் குற்றம் சொல்லப்போவதில்லை. படகில் வரும்போது மூன்றையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

"தாயி, ஊசி கொல்லல" என்றார். "அம்மாவும் கோவிச்சிக்கல. நான் மொத நாளு வந்தனே, அன்னிக்குக் குத்தியிருந்தா உம் பொண்ணு பொழச்சிருக்கும். எம் புள்ளைய இட்டாரேன்னு பொய் சொல்லிட்டு அஞ்சு நாளு வூட்ல ஒளிஞ்சிக்கினேன். அந்த அஞ்சு நாள்லதான் பூந்துடுச்சி. எம் பயத்தாலதான் போச்சி."

ஆண்களில் ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். தேவசகாயம் நகரவில்லை. "வுடுறா" என்றாள் சின்னப்பொண்ணு. பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உம் பொண்டாட்டி எங்கிட்ட தழும்பு ஒண்ணும் காட்டல" என்றாள். "பயமாக்கீதுன்னு சொன்னா. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் மடியில போட்டுக் குத்தச் சொன்னேன். அத நீ மொத நாளே சொல்லியிருந்தா மொத நாளே குத்தச் சொல்லியிருப்பேனே, நைனா."

தேவசகாயம் அவள் எதிரில் மணலில் உட்கார்ந்தார்.

"அடுத்த குப்பத்துக்குப் போவியா?"

"போவணும்."

"அங்கியும் கேப்பாளுங்க. இன்னா சொல்லுவ?"

"பயந்தேன்னு சொல்லுவேன்."

"அது மட்டும் போதாது" என்றாள் சின்னப்பொண்ணு. "எம் பொண்ணு பேரச் சொல்லு. அஞ்சு நாளுன்னு சொல்லு."